இரு வைரஸ்களுக்கு இடையே கருப்பை வாய்

கருப்பையின் கீழ்முனை குறுகி யோனிக் குழாய்க்குள் இறங்கும் இடமே கருப்பை வாய். சுமார் 3 சென்டிமீட்டர் அகலமே உள்ள இந்தச் சிறு பகுதியின் மேற்பரப்பில் இரண்டு வகைச் செல்கள் எதிரெதிரே வந்து சந்திக்கின்றன: வெளிப்புறத்தை அடுக்கடுக்காகப் போர்த்தியிருக்கும் தட்டைச் செல்கள் ஒரு வகை, உட்பாதையில் ஒரே வரிசையாக நின்று சளியைச் சுரக்கும் தூண்வடிவச் செல்கள் மற்றொரு வகை. பருவமடையும் காலத்திலும் கருவுற்ற காலத்திலும் மாதவிடாய் நின்ற பின்னரும் இந்த எல்லைக்கோடு இடம் பெயர்வதும், தூண்செல்கள் சிறிது சிறிதாகத் தட்டைச் செல்களாக மாறுவதும் இயல்பாக நடப்பதால், அந்தப் பட்டையை மருத்துவர்கள் ‘உருமாற்ற மண்டலம்’ என்று அழைக்கிறார்கள். செல்கள் ஓயாமல் புதிதாகப் பிறந்து மாறிக்கொண்டிருக்கும் இடம் என்பதாலேயே வெளியிலிருந்து வரும் கிருமிக்கு அது எளிதில் இடங்கொடுக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்தக் கிருமி ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. 200க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட இந்த வைரஸ் குடும்பத்தில் பல வகைகள் மருவை உண்டாக்குவதோடு நின்றுவிட, ஏறத்தாழ ஒரு டஜன் வகைகள் மட்டும் புற்றுநோயை உண்டாக்கும் ஆற்றல் பெற்றவையாக இருக்கின்றன. அவற்றிலும் 16ஆம் வகையும் 18ஆம் வகையும் சேர்ந்து உலகில் காணப்படும் கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணமாகின்றன. ஜெர்மன் அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹௌசனின் குழு புற்றுத் திசுவில் 16ஆம் வகையைக் கண்டறிந்தது 1983ஆம் ஆண்டில். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மோந்தானியேயும், பின்னாளில் எச்.ஐ.வி. என்று பெயர் பெற்ற வைரஸைக் கண்டறிந்ததும் அதே ஆண்டில்தான். 2008ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இந்த மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. தனித்தனி ஆய்வுக்கூடங்களில் அறியப்பட்ட இந்த இரண்டு வைரஸ்களும் ஒரே பெண்ணின் உடலில் வந்து சேரும்போது கருப்பை வாய்க்கு நேர்வது என்ன, யாருக்கு அது விரைந்து நேர்கிறது என்ற கேள்விகளுக்கு, கடந்த முப்பது ஆண்டுகளில் ஓரளவு தெளிவான விடைகள் கிடைத்துள்ளன.

எச்.பி.வி. தொற்று அரிதான ஒன்றன்று. அது ஒழுக்கக் குறைவின் அடையாளமும் அன்று. மணவாழ்க்கையில் உள்ள பெண்களிலும் ஆண்களிலும் பெரும்பாலோர் ஏதோ ஒரு காலத்தில் இதைப் பெறுகின்றனர். அவர்களில் பத்தில் ஒன்பது பேரின் உடல், மருந்து எதுவுமின்றி, இரண்டு ஆண்டுகளுக்குள் அதை அகற்றியும் விடுகிறது. அகலாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் தொற்றே ஆபத்தானது. தங்கிவிட்ட வைரஸ் இ6, இ7 என்னும் இரண்டு புரதங்களை உண்டாக்குகிறது. பழுதுபட்ட செல் பெருகாமல் தடுக்கும் பி53 என்னும் காவல் புரதத்தை முதலாவது அழிக்க, செல் பிரிவுக்குக் கடிவாளமாக உள்ள ஆர்.பி. என்னும் புரதத்தை இரண்டாவது செயலிழக்கச் செய்கிறது. கடிவாளம் அறுந்த செல்கள் உருவம் திரிந்து, உட்கரு பெருத்து, அடுக்கின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பெருகுகின்றன. இந்தத் திரிபு அடுக்கின் கீழ் மூன்றில் ஒரு பங்கோடு நின்றால் சி.ஐ.என். 1 என்றும், மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறினால் சி.ஐ.என். 2 என்றும், அதற்கும் மேலே பரவினால் சி.ஐ.என். 3 என்றும் குறிக்கப்படுகிறது. முதல் நிலை பெரும்பாலும் தானே சரியாகிவிடும். மூன்றாம் நிலை புற்றுநோய்க்கு முந்தைய படி.

அந்தப் படியிலிருந்து புற்றுநோய்க்குச் செல்ல எவ்வளவு காலம் ஆகும் என்பதை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட விதம் வேதனைக்குரியது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1960களிலும் 70களிலும் சி.ஐ.என். 3 நிலையில் இருந்த பெண்கள் சிலருக்குச் சிகிச்சை அளிக்காமல் வெறுமனே கவனித்து வந்தார்கள். பின்னாளில் பெரும் கண்டனத்துக்கும் அரசு விசாரணைக்கும் உள்ளான அந்தச் செயலின் பதிவுகளை ஆராய்ந்தபோது, முறையான சிகிச்சை பெறாத பெண்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு 30 ஆண்டுகளில் புற்றுநோய் வந்திருந்தது. அந்தப் பெண்கள் கொடுத்த விலையில் கிடைத்த உண்மை ஒன்று உண்டு: இந்த நோய் மெதுவாக வருகிறது, கண்டுபிடித்து அகற்றுவதற்குப் போதிய அவகாசமும் தருகிறது. எச்.ஐ.வி. சுருக்கிவிடுவது இந்த அவகாசத்தைத்தான். நோயெதிர்ப்பு ஆற்றல் இயல்பாக உள்ள பெண்ணுக்குத் தொற்றிலிருந்து புற்றுநோய் வரை 15 முதல் 20 ஆண்டுகள் ஆகுமென்றால், சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்றால் அந்த ஆற்றல் குன்றிய பெண்ணுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது.

எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு அதிகம் என்பது பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2021இல் வெளியான மதிப்பீடு. உலக அளவில் இப்புற்றுநோயில் சுமார் 5 விழுக்காடே எச்.ஐ.வி.யால் நேர்கிறது என்றாலும், ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி நாடுகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்ட பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் எச்.ஐ.வி. உள்ளவர்களாக இருப்பதை அதே ஆய்வு காட்டியது. இத்தனை நெருக்கமான உறவு இருந்தும், எய்ட்ஸ் நோயின் தொடக்ககால வரையறைகள் ஆண்களிடம் கண்ட நோய்களை வைத்தே எழுதப்பட்டதால், கருப்பை வாய்ப் புற்றுநோய் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. பெண்கள் அமைப்புகளின் தொடர்ந்த போராட்டத்துக்குப் பின், 1993இல்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைச் சேர்த்துக்கொண்டது.

அந்த உறவு எவ்வளவு கடுமையானது என்பதை ஜாம்பியா நாட்டின் தலைநகர் லுசாக்காவில் நடந்த ஆய்வு உணர்த்தியது. அங்கே எச்.ஐ.வி. சிகிச்சைக்கு வந்த 150 பெண்களின் கருப்பை வாய்ச் செல்களைச் சோதித்து 2006இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, அவர்களில் நான்கில் மூவருக்கு ஏதோ ஓர் அளவில் செல் திரிபு இருந்தது; ஐந்தில் ஒருவருக்குப் புற்றுநோயோ என்று ஐயுறத்தக்க செல்கள் தென்பட்டன. அவர்கள் புற்றுநோய்ப் பிரிவைத் தேடி வந்தவர்கள் அல்லர், எச்.ஐ.வி. மருந்துக்காக வந்த சாதாரணப் பெண்கள். கருப்பை வாய்ச் சோதனையை வேறெங்கோ ஒரு பெரிய மருத்துவமனையில் வைக்காமல் எச்.ஐ.வி. மருந்து தரும் அதே இடத்தில் வைத்தாக வேண்டும் என்று குரோஸ்பெக் பார்ஹம், முலிந்தி ம்வானாஹமுன்டு ஆகிய மருத்துவர்கள் அங்கே தொடங்கிய திட்டத்துக்கு இத்தகைய நிலைமையே காரணம்.

ஆபத்துக் காரணிகள் என்று மருத்துவ நூல்கள் குறிப்பவற்றுள் முதலிடம் பெறுவது சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை. நோயெதிர்ப்புப் படையை ஒருங்கிணைக்கும் இந்த வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் பொதுவாக 500க்கு மேல் இருக்க வேண்டும், எச்.ஐ.வி. தாக்கி அழிப்பது இவற்றையே. எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கிய பெண்களிடம் எச்.பி.வி. தொற்று அதிகமாகக் காணப்படுகிறது, பல வகைகள் ஒரே நேரத்தில் குடியேறுகின்றன, வந்தவை அகலாமல் தங்குகின்றன, தங்கியவை செல் திரிபாக மாறுகின்றன. இரத்தத்தில் எச்.ஐ.வி.யின் அளவு, அதாவது வைரல் லோடு, உயர்ந்திருப்பதும் இதே திசையில்தான் தள்ளுகிறது. இதில் பலரும் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. இன்றைய சி.டி.4 எண்ணிக்கை மட்டுமன்றி, அந்தப் பெண்ணின் வாழ்நாளில் அது இறங்கிய மிகத் தாழ்ந்த அளவும் கணக்கில் வருகிறது. எண்ணிக்கை இன்று 600 என்று இருந்தாலும், முன்னொரு காலத்தில் அது 80 வரை சரிந்திருந்தால், அந்தக் காலத்தில் வேரூன்றிய எச்.பி.வி. இன்னும் இருக்கக்கூடும்.

எச்.பி.வி.யின் 16ஆம் வகை இங்கே விதிவிலக்காக நிற்கிறது. எதிர்ப்பாற்றல் நன்றாக உள்ள உடலிலும் ஒளிந்து வாழும் திறமை அதற்கு இருப்பதால், எதிர்ப்பாற்றல் குன்றும்போது அதன் பரவல் மற்ற வகைகளைப் போல அவ்வளவு கூடுவதில்லை என்று அமெரிக்காவில் எச்.ஐ.வி. உள்ள பெண்களை நீண்ட காலம் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் கண்டனர். வேறு விதமாகச் சொன்னால், இயல்பான உடலில் தோற்றுப்போகும் மற்ற வகைகளுக்கு, எச்.ஐ.வி. பலவீனப்படுத்திய உடலில் வாய்ப்பு கிடைத்துவிடுகிறது. இந்தப் பெண்களின் கருப்பை வாயில் 16, 18 தவிர வேறு வகைகளும் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே விளக்கம்.

இவ்வளவும் தெரிந்தால், கூட்டு மருந்துச் சிகிச்சை எனப்படும் ஏ.ஆர்.டி.யை எப்போது தொடங்குகிறோம் என்பதும் ஓர் ஆபத்துக் காரணியே என்பது விளங்கும். 2018இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, ஏ.ஆர்.டி. பெறும் பெண்களிடம் கடுமையான செல் திரிபுகள் கணிசமாகக் குறைந்திருந்தன. ஊடுருவும் புற்றுநோய் சுமார் 60 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் இந்தப் பயன் முழுமையாகக் கிடைக்க, மருந்தைச் சீக்கிரம் தொடங்கி விடாமல் உட்கொள்ள வேண்டும். இந்தியாவில் அரசின் இலவச ஏ.ஆர்.டி. திட்டம் 2004 ஏப்ரலில் தொடங்கியது. அதன் முதல் மையங்களுள் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. அக்காலத்தில் சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கிய பிறகே பெரும்பாலோருக்கு மருந்து தரப்பட்டது. வரம்பு படிப்படியாக உயர்த்தப்பட்டு, தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே மருந்து என்ற கொள்கை 2017இல்தான் வந்தது. ஆகவே, 2000களின் தொடக்கத்தில் தொற்றுப் பெற்று, எண்ணிக்கை அடிமட்டத்துக்குச் சென்று, பின் மருந்தால் மீண்ட பெண்கள் ஒரு தலைமுறையாகவே நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்கள் இப்போது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறார்கள். மருந்து அவர்களுக்கு ஆயுளைத் தந்தது. அந்த நீண்ட ஆயுளே மெதுவாக வளரும் ஒரு புற்றுநோய்க்கும் காலத்தைத் தந்திருக்கிறது. இவர்களைத் தேடிச் சென்று சோதிப்பதே மிக அவசரமான வேலை.

மற்றக் காரணிகள் எல்லாப் பெண்களுக்கும் பொதுவானவை, எச்.ஐ.வி. அவற்றின் எடையைக் கூட்டுகிறது. மிக இளம் வயதில் மணமாவதும் பிள்ளை பெறுவதும் அவற்றுள் முக்கியமானவை. பருவம் எய்திய சில ஆண்டுகளில் உருமாற்ற மண்டலம் அகன்று வெளிப்பட்டு இருப்பதால், அப்போது வரும் வைரஸ் எளிதாக உட்புகுகிறது. பல பிள்ளைப்பேறுகளும், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கருத்தடை மாத்திரை உட்கொள்வதும் வாய்ப்பைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன, ஆனால் எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குத் திட்டமிடாத கருவைத் தடுப்பதன் பயன் பெரிது என்பதால், மாத்திரையை நிறுத்துவது பற்றி மருத்துவரிடமே கேட்டு முடிவெடுக்க வேண்டும். கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்றுகள் கருப்பை வாயைப் புண்ணாக்கி எச்.பி.வி.க்கு வழிவிடுகின்றன. புகையிலையின் நச்சுப்பொருள்கள் இரத்தத்தின் வழியே கருப்பை வாய்ச் சளியிலும் வந்து சேர்கின்றன. பெண்கள் புகைப்பது குறைவான நாடுகளில் இது பொருந்தாது என்று தோன்றலாம். ஆனால் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராசில் 2002இல் வெளியான ஆய்வொன்று, எச்.பி.வி. உள்ள பெண்களிடையே வீட்டுக்குள் விறகடுப்புப் புகையில் நெடுங்காலம் சமைத்தவர்களுக்குச் செல் திரிபு கூடுதலாக இருப்பதைக் கண்டது. விறகடுப்பின் முன் அமர்ந்தே பாதி ஆயுளைக் கழித்த நம் பாட்டிமார்களையும், இன்றும் கழிக்கும் பெண்களையும் நினைக்கும்போது இந்தச் செய்தியைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியவில்லை.

பல துணைவர் உறவை ஒரு காரணியாக நூல்கள் குறிக்கின்றன. அதைப் பெண்ணின் நடத்தை பற்றிய குற்றச்சாட்டாகப் படிப்பது மருத்துவத்துக்கும் நியாயத்துக்கும் எதிரானது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர், பின்னர் சுனிதி சாலமன் சென்னையில் நிறுவிய மையத்துக்கு வந்த பெண்களைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வில், அவர்களில் மிகப் பெரும்பாலோர் கணவர் ஒருவரை மட்டுமே அறிந்த குடும்பப் பெண்கள் என்பது தெரியவந்தது. எச்.ஐ.வி. அவர்களுக்கு வந்த வழியிலேயே எச்.பி.வி.யும் வந்தது. தன் வாழ்க்கையில் எதையும் மாற்றிக்கொள்ள வாய்ப்பே இல்லாத பெண்ணிடம் ‘ஆபத்தான நடத்தை’ பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அவளுக்குத் தேவை பரிசோதனை. ஆணுறை எச்.பி.வி.யை முழுமையாகத் தடுக்காது என்றாலும், தொடர்ந்து பயன்படுத்தினால் தொற்றின் அளவைக் குறைக்கிறது.

ஆகவே எல்லாக் காரணிகளிலும் பெரியது, ஒருமுறைகூடப் பரிசோதிக்கப்படாமல் இருப்பதுதான். தொடக்க நிலைச் செல் திரிபுக்கு வலி இல்லை, இரத்தப்போக்கு இல்லை. உறவுக்குப் பின் இரத்தம் கசிவதும், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுவதும் பெரும்பாலும் நோய் முற்றிய பின்னரே வருகின்றன. ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாதந்தோறும் வந்து மாத்திரை வாங்கிச் செல்லும் பெண், மகப்பேறு வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் நின்று, கையில் உள்ள சிகிச்சைப் புத்தகத்தைப் பார்த்து யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சித் திரும்பிவிடுகிறாள். மருத்துவ அறிவு இல்லாமையைவிட, இந்த இரண்டு அறைகளுக்கு இடையிலுள்ள தூரமே பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது.

சோதனையோ மிக எளிது. பெண் படுத்த நிலையில், ஸ்பெகுலம் என்னும் கருவியால் யோனிக் குழாயை மெல்ல விரித்து, கருப்பை வாயை விளக்கொளியில் பார்த்து, 3 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில், அதாவது சமையலறை வினிகரை ஒத்த கரைசலில், நனைத்த பஞ்சை அதன்மேல் ஒற்றி, ஒரு நிமிடம் காத்திருக்கிறார்கள். திரிந்த செல்களில் உட்கருப் புரதம் மிகுதி என்பதால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக வெளுக்கிறது. நல்ல பகுதி இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. லுசாக்காவில் செவிலியர்கள் அந்த நிறமாற்றத்தை டிஜிட்டல் கேமராவில் படமெடுத்து, அந்தப் பெண்ணுக்கே திரையில் காட்டி விளக்கினார்கள். தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டில் தொடங்கி, அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூக சுகாதார மையத்தின் துணையுடன் நடந்த பெரிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் இதே வினிகர் சோதனையைச் செய்தபோது, அந்தக் கிராமங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்தன. 2007இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அது எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்று தனியாக நடந்த ஆய்வன்று. ஆனால் ஏழை ஊர்களில் எது முடியும் என்பதற்கு அது சான்று.

இன்று உலக சுகாதார நிறுவனம் முதன்மையாகப் பரிந்துரைப்பது எச்.பி.வி.யின் மரபுப்பொருளைக் கண்டறியும் சோதனை. அதற்கான மாதிரியைப் பெண் தானே மறைவில் எடுத்துத் தரவும் முடியும் என்பதால், கூச்சம் என்ற பெரிய தடை விலகுகிறது. பொதுவாகப் பெண்களுக்கு 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்றால், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதிலேயே தொடங்கி 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது 2021இல் வெளியான அதன் வழிகாட்டுதல். இவர்களில் பலருக்கு எச்.பி.வி. இருக்கும் என்பதால், வைரஸ் தென்பட்டதும் சிகிச்சைக்குச் செல்லாமல், இரண்டாவதாக வேறொரு சோதனையைச் செய்து உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்றும் அது கூறுகிறது.

திரிந்த பகுதியை உறையவைத்தோ, சூடேற்றியோ, மின்கம்பி வளையத்தால் வெட்டியோ அகற்றலாம். பெரும்பாலும் மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. ஆயினும் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு அது மீண்டும் வருவது அதிகம். கென்யாவின் நைரோபியில் 400 பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் கடுமையான திரிபு திரும்பி வந்தோர், உறைய வைக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 30 விழுக்காடும், வளையத்தால் வெட்டி எடுக்கப்பட்டவர்களில் 19 விழுக்காடுமாக இருந்தனர். ஒருமுறை சிகிச்சை பெற்றதோடு கதை முடிந்துவிடுவதில்லை. ஓராண்டு கழித்து மறுசோதனைக்கு வருவது சிகிச்சையின் பகுதியே. இளம் பெண்களுக்குத் தடுப்பூசி உண்டு. நம் நாட்டிலேயே தயாரான ‘செர்வாவாக்’ 2023இல் அறிமுகமானது. பொதுவாக ஒரு தவணையே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கருதினாலும், எச்.ஐ.வி. உள்ள சிறுமிகளுக்குக் குறைந்தது இரண்டு தவணைகள், முடிந்தால் மூன்று, தேவை என்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழும் சுமார் 25 லட்சம் பேரில் ஐந்தில் இருவருக்கு மேல் பெண்கள். அவர்களில் ஒருவரையோ, அவருடைய மகளையோ, அவருக்கு மருந்து எழுதித் தரும் மருத்துவரையோ இக்கட்டுரை சென்றடையுமானால் கேட்டுக்கொள்வது ஒன்றே: அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையத்துக்குச் செல்லும்போது, சி.டி.4 எண்ணிக்கையைக் கேட்பதைப் போலவே, கருப்பை வாய்ச் சோதனை கடைசியாக எப்போது செய்யப்பட்டது என்பதையும் கேளுங்கள். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் வினிகர் சோதனைக்குக் கட்டணம் இல்லை. அதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்.